பழைய நிக்ஸி குழாய்களின் நிலையையும் மதிப்பையும் கணிக்கும் முறை

எண்களை ஒளியால் காட்டும் கண்ணாடிக் குழாயான பழைய நிக்ஸி குழாய் ஒன்றைப் பற்றி “பயன்படுத்தாதது” என்று விற்பவர் உறுதி கூறினாலும், அதன் பத்து இலக்கங்களும் முழுமையாக எரிவதைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். பரோஸ் நிறுவனம் 1955-இல் அறிமுகப்படுத்திய இந்தக் குழாயில் சூடேறி அறுந்துபோகும் இழை எதுவும் இல்லை. இலக்க வடிவில் வெட்டி அடுக்கிய கேத்தோடுகளில் (எதிர்மின்வாய்களில்), மின்சாரம் பாயும் ஒன்றைச் சுற்றி மட்டும் நியான் வாயு ஒளிர்கிறது. ஆகவே இது மெல்ல மெல்லத்தான் தேய்கிறது. அந்தத் தேய்மானத்தின் தடயங்களும் குழாயிலேயே தங்கிவிடுகின்றன.

முதலில், பகல் வெளிச்சத்தில் குழாயை ஒரு வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பாருங்கள். கேத்தோடிலிருந்து சிதறிய உலோகத் துகள்கள் கண்ணாடியின் உட்புறம் படிந்திருந்தால் சாம்பல் நிறப் படலம் தெரியும். நீண்ட காலம் உழைத்ததன் அடையாளம் இது. துடைத்து நீக்க முடியாது. கம்பிகள் கண்ணாடிக்குள் நுழையும் இடத்தில் கீறலோ வெடிப்போ இருக்கிறதா என்றும் உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும்.

அடுத்தது, எரியவிட்டுச் சோதிப்பது. சுமார் 170 முதல் 180 வோல்ட் வரையிலான நேர்மின்சாரம் தேவைப்படும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடையைத் தொடரில் இணைக்காமல் ஒருபோதும் எரிக்கக் கூடாது. சோவியத் வகைக் குழாய்களான ஐஎன்-12, ஐஎன்-14 ஆகியவற்றுக்கு 2.5 மில்லிஆம்பியர் போதும். இந்த மின்னழுத்தம் உயிருக்கு ஆபத்தானது. இணைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள்.

ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியே எரித்து, 3-இன் கீழ் வளைவு, 2-இன் அடிக்கோடு போன்ற ஓரங்களை உற்றுப் பாருங்கள். ஒரு பகுதி இருண்டே கிடந்தால் அது கேத்தோடு நஞ்சேற்றம் எனப்படும் குறை: எரியாமலே இருக்கும் இலக்கத்தின் மீது, பக்கத்தில் எரியும் இலக்கத்திலிருந்து சிதறிய துகள்கள் படிந்து ஒளியைத் தடுக்கின்றன. 24 மணி நேரக் கடிகாரத்தின் முதல் குழாய் 0, 1, 2 ஆகியவற்றை மட்டுமே காட்டுவதால், மற்ற ஏழு இலக்கங்களுக்கும் இது நேரக்கூடும். பாதிக்கப்பட்ட இலக்கத்தைச் சற்றே கூடுதல் மின்னோட்டத்தில் பல மணி நேரம் எரியவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்பதால், கண்ணாடி தெளிவாக இருக்கும் இத்தகைய குழாயை விலை குறைத்துக் கேட்டு வாங்குவது நல்ல முடிவு என்பேன்.

இலக்கத்தைச் சுற்றி மெல்லிய நீலச் சாயல் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். ஆயுளை நீட்டிக்கச் சேர்த்த பாதரசத்தின் ஒளி அது. மாறாக, இலக்க வடிவமே இல்லாமல் ஊதா மங்கல் பரவினாலோ எதுவுமே எரியாவிட்டாலோ உள்ளே காற்று புகுந்திருக்கலாம், அதை வாங்காதீர்கள்.

மதிப்பைப் பொறுத்தவரை, இலக்கத்தின் உயரமும் கிடைப்பதன் அருமையும்தான் முதன்மையானவை. சுமார் 40 மில்லிமீட்டர் உயர இலக்கங்கள் கொண்ட ஐஎன்-18, சுமார் 18 மில்லிமீட்டர் உயரமுள்ள ஐஎன்-12-ஐவிடப் பல மடங்கு விலை போகிறது. ஐஎன்-12-இல் 5 என்பது தலைகீழாகத் திருப்பிய 2 என்பதால், அழகு கருதுவோர் அதைத் தவிர்ப்பதும் உண்டு. கண்ணாடியில் அச்சிட்ட தயாரிப்புத் தேதி வயதைக் காட்டுமே தவிர உழைப்பைக் காட்டாது. ஐஎன்-14 போன்றவற்றின் கால்கம்பிகள் குட்டையாக வெட்டப்பட்டிருந்தால், ஏதோ ஒரு கருவியிலிருந்து கழற்றியவை என்று கொண்டு விலை பேசுங்கள். கடிகாரத்துக்கு ஆறு குழாய்கள் தேவையென்றால், ஒரே தொகுதியிலிருந்து எட்டாக வாங்குங்கள். பின்னாளில் தனியாக வாங்கும் ஒன்று நிறத்திலும் பிரகாசத்திலும் மற்றவற்றோடு ஒத்துப்போவது அரிது.