கொடி பிடிப்பவர் எங்கே நிற்க வேண்டும்?

கால்பந்தில் ஆஃப்சைடு (சக வீரர் பந்தை உதைக்கும் நொடியில் தாக்கும் அணி வீரர் கோல் பக்கம் வரம்பு மீறி முன்னால் நிற்பது) பார்க்கக் கொடியோடு பக்கக்கோட்டில் நின்றால், பந்தின் பின்னால் ஓடாதீர்கள். கோல்கீப்பரையும் சேர்த்து, கோல் கோட்டுக்கு இரண்டாவதாக நெருங்கி நிற்கும் தடுப்பணி வீரருக்கு நேராகவே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருங்கள். கண் அவர்மேல், உதைபடும் சத்தத்துக்குக் காது. ஒரு மீட்டர் விலகினாலே கோணம் மாறி, அவருக்குச் சமமாக நிற்கும் தாக்கும் அணி வீரர் முன்னால் நிற்பதுபோலத் தெரியும். தவறான கொடிகள் பலவும் இப்படி வருபவைதான்.

தூரத்துப் பந்துக்கு மட்டும் காதை நம்ப வேண்டாம். 50 மீட்டர் வர ஒலிக்கு ஏறத்தாழ 0.15 நொடி ஆகும், அதற்குள் ஓடுபவர் ஒரு மீட்டர் போய்விடுவார். பந்து அந்தத் தடுப்பணி வீரரைத் தாண்டிவிட்டதா? சரி, பந்தோடு ஓடுங்கள். த்ரோ இன், கார்னர், கோல் கிக்கிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது.