கண்டியிலிருந்து யாழ்ப்பாணம்: ஏ9 வீதியில் ஆறுதலாக ஓட்டிப் போவது எப்படி?

கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிற ஏ9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். ஒரே நாளில் ஓட்டிவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் முதல் தடவை போகிறவர்கள் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வவுனியாவுக்கு அங்கால் எதையும் பார்க்கத் தெம்பிருக்காது.

1. புறப்பட முன்

நான்கு சில்லுகளோடு மேலதிகச் சில்லுக்கும் காற்றுப் பாருங்கள். அதைத்தான் எல்லோரும் மறப்பது. சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வாகன வருமான உத்தரவுப் பத்திரம் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடக்கில் மழை. நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது கஷ்டம், அதனால் முன்பே பதிந்து வையுங்கள்.

2. காலையில் மலை இறங்குங்கள்

கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கம் நெரிசல் கூட. பள்ளிக்கூட நேரத்துக்கு முன் தாண்டிவிட்டால் தப்பினீர்கள். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலில் முதல் தரிப்பு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். நாம் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு வடக்கே போகிறோம், அவர்கள் இதே திசையிலிருந்து தெற்கே வந்தவர்கள். கோயிலைப் பார்க்கும்போது இது தெரிந்திருப்பது நல்லது.

வாசனைத் திரவியத் தோட்டங்கள் வழியெல்லாம் கூப்பிடும். பார்க்கலாம், ஆனால் வாங்க முன் விலையைக் கேளுங்கள்.

மாத்தளைக்கும் நாவுலவுக்கும் இடையில் வலப்பக்கம் திரும்பினால் நாலந்தா கெடிகே. பல்லவர் பாணியில் கட்டிய கருங்கல் கோயில். நீர்த்தேக்கத்தில் மூழ்காமலிருக்கக் கல் கல்லாகக் கழற்றி வேறிடத்தில் மீண்டும் கட்டினார்கள். கூட்டமே இருக்காது. என்னைக் கேட்டால், பெயர் பெற்ற பல இடங்களைவிட இது மேல்.

3. தம்புள்ளையும் இரவுத் தங்கலும்

குகைக் கோயிலுக்கு நண்பகலில் ஏறாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் பாறை கொதிக்கும். ஐந்து குகைகள், கூரை முழுக்க ஓவியம், ஒரு மணி நேரமாவது வேண்டும். அப்புறம் கெக்கிராவை வழியாக அநுராதபுரத்துக்குப் போய்த் தங்குங்கள். அங்கே அறைகள் நிறைய. இருட்ட முன் போய்ச் சேர்வது முக்கியம்: காட்டை ஒட்டிய பகுதிகளில் யானை வரும், மாடு வீதியிலேயே படுத்திருக்கும்.

மறுநாள் விடியற்காலையில் மிகிந்தலை. படிகள் 1840. முழங்கால் நோவுள்ளவர்கள் வாகனத்தில் பாதி தூரம் மேலே போகலாம்.

4. வவுனியா தாண்டியதும் வேகத்தைக் குறையுங்கள்

இங்கிருந்து வீதி நேராக ஓடும், கால் தானாக அழுத்தும். ஊருக்குள் 50, வெளியே 70 என்பதுதான் காருக்குச் சட்டம். பொலிஸ் நிற்பதும் இந்த நேரான துண்டுகளில்தான்.

ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம். இந்த வீதி 1990 முதல் 2002 வரை மூடிக் கிடந்தது. 2006 ஆகஸ்ட்டில் மறுபடி மூடி, போர் முடிந்த 2009இல்தான் திறந்தது. இப்போது பார்க்கிற கடைகளிலும் வீடுகளிலும் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவை. படம் எடுப்பதென்றால் ஆட்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். போர் நடந்த இடங்களில் நின்று சிரித்தபடி செல்பி எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் முறிகண்டிப் பிள்ளையார். சின்னக் கோயில்தான், ஆனால் நிறுத்தாமல் போகிற சாரதி குறைவு. தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் சூடான கச்சான் வாங்குங்கள். மிச்சப் பயணத்துக்கு அதுதான் கொறிக்க.

பரந்தன் கழிந்ததும் ஆனையிறவு. இரண்டு பக்கமும் கடல்நீரேரி, உப்பளம், மரமில்லாத வெளி. காற்று பலமாக அடிக்கும், கதவைப் பிடித்துத் திறவுங்கள். 2014இல் யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஓடத் தொடங்கிய ரயில் பாதையும் வீதியை ஒட்டியே போகிறது.

5. கடைசித் துண்டு

பளையில் தென்னந்தோப்பு, பிறகு பனை. கொடிகாமம், சாவகச்சேரிச் சந்தைகளுக்குக் காலையில் போனால்தான் சரக்கு. பலாப்பழக் காலமென்றால் சாவகச்சேரியில் வாங்காமல் போகாதீர்கள். பழத்தை டிக்கியில் வையுங்கள், உள்ளே வைத்தால் யாழ்ப்பாணம் வரை அந்த வாசம்தான்.

திரும்பும்போது அதே வழி அலுப்பாக இருந்தால், நாவற்குழியில் பிரிந்து சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாக மன்னார்ப் பக்கம் போகும் ஏ32 வீதியைப் பிடியுங்கள். அங்கே கடைகள் குறைவு, அதனால் பெற்றோலை யாழ்ப்பாணத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.