சட்டையில் விளக்கு தைப்பது எப்படி

சென்சார், புளூடூத் என்று முதல் நாளே இறங்கிவிடாதீர்கள். துணியில் தைப்பதற்கென்றே லியா பியூக்லி வடிவமைத்த லில்லிபேட் ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினி போர்டு 2007-லிருந்து இருக்கிறது, ஆசைப்படலாம், ஆனால் நூலில் மின்சாரம் எங்கே ஒழுங்காகப் போகும், எங்கே முரண்டு பிடிக்கும் என்று கைக்குப் பழகாதவரை அந்த போர்டும் டப்பாவில்தான் கிடக்கும். முதலில் சட்டைப் பாக்கெட்டில் மூன்று எல்இடி எரியட்டும்.

வேண்டியது கொஞ்சம்தான். மின்சாரம் கடத்தும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நூல், சிஆர்2032 பட்டன் செல், அதைத் துணியில் தைக்க ஒரு ஹோல்டர், உலோக பிரஸ் பட்டன், ஒரே நிறத்தில் மூன்று எல்இடி. நிறத்தைக் கலக்காதீர்கள். செல் தருவது 3 வோல்ட். சிவப்புக்கு 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3-க்குப் பக்கத்தில் வேண்டும், இரண்டையும் சேர்த்து மாட்டினால் சிவப்பு எரியும், நீலம் கண்ணே திறக்காது.

எல்இடியில் நீளமான கால் பிளஸ். நோஸ் பிளையரால் அதை வட்டமாகவும் மைனஸைச் சதுரமாகவும் சுருட்டிக்கொண்டால் தைக்கும்போது குழப்பம் வராது. பாக்கெட்டில் சாக்பீஸால் ஒரு விரல் அகலம் விட்டு இரண்டு கோடு போடுங்கள், ஒன்று பிளஸ், மற்றது மைனஸ், எல்இடிகள் நடுவில் ஏணிப்படி மாதிரி உட்காரும். கோட்டின் மேலேயே ஓட்டுத்தையல். ஒவ்வொரு வளையத்திலும் நூலை நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றுங்கள், இங்கே சோம்பல்பட்டால் நடக்க நடக்க விளக்கு மினுக்கும்.

மைனஸ் நூல் நேராக ஹோல்டருக்குப் போகட்டும். பிளஸ்ஸை மட்டும் ஹோல்டரிலிருந்து பாக்கெட் மூடி வழியாகக் கொண்டுவந்து பிரஸ் பட்டனின் மேல்பாதியில் முடித்துவிடுங்கள். கீழ்பாதியிலிருந்து எல்இடிகளுக்குப் புது நூல். மூடியை அழுத்தினால் எரியும், அவ்வளவுதான் சுவிட்ச்.

ஸ்டீல் நூலில் போட்ட முடிச்சு தானாக அவிழும், ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துக் காய்ந்தபின் வாலை ஒட்ட வெட்டுங்கள். அந்த வாலை நான் அலட்சியமாக விட்டேன். குனிந்தபோது துணி மடிந்து வால் எதிர்நூலில் உரச, விளக்கு அணைந்து செல் சுடுகிற அளவுக்கு வந்துவிட்டது. இந்த நூலுக்கு மேலுறை கிடையாது, தொட்டால் ஷார்ட்தான். அதனால் செல்லைப் போடும் முன் மல்டிமீட்டரை (மின்சாரம் சோதிக்கும் கருவி), இணைப்பு இருந்தால் சத்தம் போடும் பீப் நிலையில் வைத்து இரண்டு கோட்டையும் தொட்டுப் பாருங்கள், கத்தினால் எங்கோ ஒட்டியிருக்கிறது. சரியாக இருந்தால் உள்பக்கம் ஒரு லைனிங் துணி வைத்துத் தைத்துவிடுங்கள்.

துவைக்கும்போது செல்லைக் கழற்றிவிட்டு, கையால் அலசி, பிழியாமல் உலர்த்துங்கள். ஈரம் முழுக்கப் போனபின்தான் செல் உள்ளே. கழற்றிய செல்லைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி மேஜையில் வைக்காதீர்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.