கரையொதுங்கிய டொல்பினைத் திருப்பி அனுப்புவது

முதலில் 1992 க்கு அழைத்து வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். விடலாமா என்பதை மிருக வைத்தியர் பார்க்கட்டும். வாலைப் பிடித்து இழுத்தால் முள்ளந்தண்டு கெட்டுப்போகும்.

வயிறு கீழிருக்க நிமிர்த்தி, பக்கச் செட்டைகளுக்குக் கீழ் மணலைத் தோண்டுங்கள். நனைத்த பழைய சாரத்தால் உடம்பை மூடலாம், உச்சியிலுள்ள மூச்சுத்துளையை விட்டு. 'புஸ்' என்று மூச்சு விடும்போதுதான் துளை திறக்கும். அந்தக் கணத்தில் வாளித் தண்ணீர் பட்டால் நேரே நுரையீரலுக்குப் போகும். நிமிடத்துக்கு 2 முதல் 4 மூச்சு சரி. கூடிக்கொண்டே போனால் பதற்றம்தான், வேடிக்கை பார்ப்போரை விலக்குங்கள்.

படங்கில் தூக்கி, இடுப்பளவுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது தாங்கிப் பிடியுங்கள்; கிடந்த தசை விறைத்திருக்கும். யாழ்ப்பாணப் பரவைக் கடலில் அங்கேயே விட்டால் திரும்பவும் தரைதட்டும். வள்ளத்தில் ஏற்றி ஆழத்துக்குக் கொண்டுபோங்கள்.