புதுப்பித்த பின்னும் பழையதாகவே ஓடும் கணினி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி முதலான யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை கட்டளை தெரியாததால் வருவதில்லை. கட்டளை பிழையின்றி முடிந்ததும் வேலையும் முடிந்துவிட்டதென்று கருதுவதால் வருகின்றன.

லினக்ஸ் வகைகளான டெபியனிலும் உபுண்டுவிலும் 'ஆப்ட் அப்டேட்' என்ற கட்டளை, களஞ்சியம் எனப்படும் மென்பொருள் கிடங்கிலுள்ள தொகுப்புகளின் (நிறுவுவதற்கு ஏற்றபடி கட்டிவைத்த மென்பொருள்களின்) பட்டியலை மட்டுமே புதுப்பிக்கிறது. மென்பொருளை மாற்றுவது 'ஆப்ட் அப்கிரேட்'. இது புதியவர்களுக்கு உரிய குழப்பம், விரைவில் தெளிந்துவிடும். ஆர்ச் லினக்ஸில் நேர்வது இதைவிட மோசமானது. அங்கே பட்டியலைப் புதுப்பித்த கையோடு ஒரே ஒரு தொகுப்பை மட்டும் நிறுவினால், அது கொண்டுவரும் புதிய லைப்ரரியோடு (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்பகுதியோடு) பழைய நிரல்கள் பொருந்தாமல் போகலாம். முழுமையாகப் புதுப்பிப்பது, அல்லது தொடாமலே இருப்பது என்ற இரண்டே வழிகள்தான் அங்கே பாதுகாப்பானவை.

பலர் கவனிக்காத தவறு, புதுப்பித்தபின் சேவைகளை (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்களை) மறுதொடக்கம் செய்யாமல் விடுவதுதான். யுனிக்ஸில் ஒரு கோப்பை நீக்கினாலும், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் உள்ளடக்கம் அழிவதில்லை; பெயர் மட்டுமே மறைகிறது. ஓடும் கணினியை நிறுத்தாமலே புதுப்பிக்க முடிவது இந்த ஏற்பாட்டினால்தான். ஓட்டையுள்ள பழைய லைப்ரரியை நிரல் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் இதனால்தான். 2014 ஏப்ரலில், இணைப்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை வெளிப்பட்டபோது, திருத்திய லைப்ரரியை நிறுவியது மட்டும் போதவில்லை: வலைச் சர்வர், அஞ்சல் சர்வர் என அதை ஏற்கெனவே ஏற்றியிருந்த ஒவ்வொன்றையும் மறுபடி தொடங்கும்வரை, பழைய நிரலே இணைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. எந்தெந்தச் சேவைகள் இப்படிப் பழையதைப் பிடித்திருக்கின்றன என்பதை டெபியன் வழி இயங்குதளங்களில் 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவி காட்டிவிடும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் மாறியிருந்தால் பொதுவாகக் கணினியையே மறுதொடக்கம் செய்யவேண்டும். 'யூநேம்' கட்டளை சொல்வது ஓடும் கர்னலின் பதிப்பை, நிறுவப்பட்டதன் பதிப்பை அன்று.

பதிப்பெண்ணை மட்டும் பார்த்து அஞ்சுவதும் தவறே. ஹார்ட்பிளீட்டுக்கான திருத்தம் 1.0.1ஜி என்ற பதிப்பாக வெளிவந்தது. டெபியன் 7 அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துத் தன்னிடமிருந்த 1.0.1இ பதிப்பில் பொருத்தியது. எண் பழையதாக இருக்கிறதே என்று மூலநிரலிலிருந்து மென்பொருளைத் தாமே உருவாக்கி (கம்பைல் செய்து) நிறுவிக்கொள்பவர், அன்றுமுதல் அந்த மென்பொருளின் பாதுகாப்பைத் தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார். ஆப்ட் போன்ற தொகுப்பு மேலாளர் இனி அதைப் பார்த்துக்கொள்ளாது. இயங்குதளம் பயன்படுத்தும் பைத்தான் நிரல்மொழிக்குள் நிர்வாகி உரிமையோடு, அம்மொழியின் நிறுவல் கருவியான 'பிப்' மூலம் நிறுவுவதும் இந்த வகையே. 2023இல் வந்த டெபியன் 12 இதை இயல்பாகவே மறுக்கிறது. மீறுவதற்கான தேர்வின் பெயரிலேயே 'கணினித் தொகுப்புகளை உடை' என்று எழுதியிருந்தும், அதைக் கூசாமல் தட்டச்சு செய்பவர்கள் இருக்கிறார்கள். தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவுவதே முறை.

ஒரு நிரல் எப்படி இயங்கவேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பை நாம் மாற்றியிருந்து, தொகுப்பின் புதிய பதிப்பிலும் அது மாறியிருந்தால், டெபியன் எதை வைத்துக்கொள்வதென்று கேட்கும். படிக்காமல் என்டர் தட்டினால் பழையதே நிற்கும். ஆர்ச்சோ கேட்காமலே புதியதை '.பேக்நியூ' என்ற பின்னொட்டோடு அருகில் வைத்துவிட்டுப் போகும். இரண்டையும் ஒப்பிட்டு இணைக்காவிட்டால், நீக்கப்பட்ட ஒரு தேர்வை நம்பியிருக்கும் சேவை அடுத்த மறுதொடக்கத்தில் எழாமல் போகலாம், அப்போது காரணம் எளிதில் நினைவுக்கு வராது.

ஆதரவு முடிந்த, அதாவது இனித் திருத்தங்கள் வராத, பதிப்பிலும் 'புதுப்பிக்க எதுவும் இல்லை' என்ற செய்தி வரக்கூடும். முதலில் 2029 வரை என அறிவிக்கப்பட்டிருந்த, சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் பதிப்புக்கான ஆதரவு 2021 டிசம்பர் 31லேயே முடிந்துவிட்டது. ஆகவே முடிவு நாளை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். அடுத்த பதிப்புக்குத் தாவும்போது டெபியனில் இடைப்பட்ட பதிப்பைத் தாண்டிச் செல்லக்கூடாது. தொலைவிலுள்ள சர்வரில் எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக இதைச் செய்பவர், இணைப்பு அறுந்தாலும் வேலை நடுவில் நிற்காதபடி டிமக்ஸ் அல்லது ஸ்க்ரீன் என்ற, அமர்வைச் சர்வரிலேயே தொடரவிடும் கருவிக்குள் இருந்தபடி தொடங்க வேண்டும்.