விசுவாசத்தோடு முடி பின்னும் தொழில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் நடத்தும் சின்னச் சின்ன முடி பராமரிப்புக் கடைகளில் சுவரில் ஒரு வேத வசனம், பின்னணியில் காஸ்பல் பாட்டு, விலைப்பட்டியலுக்குக் கீழே 'ஞாயிறு விடுமுறை' என்ற வரி, இதெல்லாம் சகஜம். சபையில் பழகிய நாலு பேரை வீட்டுச் சமையலறையில் உட்காரவைத்துப் பின்னிவிடுவதில் தொடங்கி, வாய்வழியாகப் பரவித் தொழிலானவை இவற்றில் நிறைய. ரசாயனம் போட்டு நேராக்காமல், பிறவியிலேயே வந்த சுருளோடு முடியைப் பேணுவதை அங்கே 'நேச்சுரல் ஹேர்' என்கிறார்கள். அந்த முடியின் நுனி உரசித் தேயாமல், தினமும் சீப்பு படாமல் பின்னி மடக்கி வைப்பது 'புரொடெக்டிவ் ஸ்டைல்'. பாக்ஸ் பிரெய்ட் (சதுரம் சதுரமாகப் பிரித்துத் தனித்தனியாகப் பின்னுவது), கார்ன்ரோ (தலையை ஒட்டி வரிசையாகப் பின்னுவது), ட்விஸ்ட் (இரண்டு புரியாக முறுக்குவது) எல்லாம் இந்த வகைதான். இதைத் தேவன் தந்த அழைப்பாக எடுத்துச் செய்கிறவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, அதனால்தான் நேராகவே சொல்கிறேன்: விசுவாசம் இருக்கிறதே என்று, கற்க வேண்டியதைக் கற்காமல் விடுவதுதான் கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

இந்த வழியில் வருகிறவர்கள் எல்லாரும் முன்மாதிரியாகச் சொல்வது, முடி பராமரிப்புப் பொருள் விற்றுத் தொழிலதிபரான மேடம் சி. ஜே. வாக்கரை. 1867இல் லூசியானாவில், அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்தவர், செயின்ட் லூயிஸில் துணி துவைத்துப் பிழைத்தவர், தலைமுடி கொட்டியபோது ஜெபித்ததாகவும் அப்போது கனவில் ஒருவர் வந்து மருந்துக் கலவையைச் சொன்னதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். கனவுக் கதையை எல்லாரும் சொல்வார்கள். அதற்கு முன் அவர் ஆனி மலோன் என்ற இன்னொரு கறுப்பினத் தொழிலதிபரின் முகவராக வேலை செய்து தொழிலைப் பழகியதையும், 1908இல் பிட்ஸ்பர்கில் முடி பராமரிப்பு சொல்லித்தர ஒரு பள்ளியே தொடங்கியதையும் அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. ஜெபமும் படிப்பும் அவரிடம் சேர்ந்தே இருந்தன.

சரி, முதல் தவறு இறுக்கம். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். இறுக்கிப் பின்னினால்தான் நாள்பட நிற்கும், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும் என்று பின்னுகிறவரும் நினைக்கிறார், உட்கார்ந்திருப்பவரும் நினைக்கிறார், வலித்தால் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கு என்ற யோசனை அம்மாவிடமிருந்து மகளுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஆனால் வலி என்பது மயிர்க்கால் இழுபடுகிறது என்பதற்கான தகவல். பின்னி முடித்ததும் நெற்றியோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பினாலோ, பின்னலின் அடியில் தோல் கூடாரம்போல் தூக்கி நின்றாலோ, புருவம் மேலே இழுபட்டாலோ, அதை அன்றைக்கே அவிழ்த்துவிட வேண்டும், 'ரெண்டு நாளில் தளர்ந்துவிடும்' என்று அனுப்பிவைக்கக் கூடாது. இப்படி இழுப்பதால் வரும் வழுக்கையை மருத்துவர்கள் டிராக்ஷன் அலோபீசியா என்கிறார்கள். கறுப்பினத்தவருக்கு மட்டும் வருவதல்ல இது, 1907இலேயே கிரீன்லாந்துப் பெண்களிடம், முடியை உச்சியில் இழுத்துக் கட்டும் வழக்கத்தால் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. ஆரம்பத்தில் கண்டுபிடித்து இழுப்பதை நிறுத்தினால் முடி திரும்ப வளரும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் இருந்த இடம் தழும்பாகிவிடும், அப்புறம் எந்த எண்ணெயும் உதவாது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெரியவர்கள் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வார்கள். ஐந்து வயதுக் குழந்தை அம்மா பக்கத்தில் நிற்கும்போது சொல்லாது. செயற்கை முடியைச் சேர்த்து இடுப்பு வரை பின்னித் தரச் சொல்லி பிறந்தநாளுக்கு அழைத்து வருவார்கள், அந்த எடையைத் தாங்கும் முடி அந்த வயதில் இருக்காது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், வாடிக்கையாளர் போனாலும் பரவாயில்லை. பெரியவர்களுக்கும் அடியில் முடிச்சுப் போட்டுத் தொடங்காமல், சொந்த முடியில் ஆரம்பித்து இணைமுடியை (வெளியிலிருந்து சேர்க்கும் முடியை) கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு போகும் 'நாட்லெஸ்' முறையைப் பழகிக்கொள்ளுங்கள். நேரம் கூடுதலாகும், ஆனால் வேரில் இழுப்பு குறையும்.

அடுத்தது எத்தனை நாள் வைத்திருப்பது என்பது. பணம் கொடுத்துப் பின்னியதாயிற்றே என்று நாலு மாதம், ஐந்து மாதம் இழுப்பவர்கள் உண்டு. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1.25 சென்டிமீட்டர் வளரும். இரண்டு மாதம் போனால் அந்தப் பின்னலின் முழு எடையும் புதிதாக வளர்ந்த இரண்டரை சென்டிமீட்டர் முடியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆறிலிருந்து எட்டு வாரம் போதும். இதைப் பின்னும் அன்றைக்கே சொல்லி, அவிழ்க்கும் தேதியையும் அப்போதே குறித்துக் கொடுத்துவிடுவது நல்லது. கூடவே இன்னொன்றையும் சொல்லுங்கள்: சாதாரணமாகவே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிரும், பின்னலுக்குள் இருக்கும்போது அது கீழே விழ வழியில்லாமல் உள்ளேயே தங்கும், ஆகவே எட்டு வாரம் கழித்து அவிழ்க்கும்போது ஆயிரக்கணக்கான முடி ஒன்றாகக் கையோடு வரும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் பயந்து அழுவார், உங்கள்மேல் பழியும் வரும். அவிழ்த்த கையோடு தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். உதிர்ந்த முடி ஈரத்தில் திரண்டு சிக்காகிவிடும், முதலில் கண்டிஷனர் தடவி விரலால் கோதி உதிர்ந்ததை எடுத்த பிறகுதான் அலச வேண்டும். பின்னல் இருக்கும் நாட்களில் தலையைக் கழுவவே கூடாது என்பதும் தப்பு. அழுக்கும் வியர்வையும் சேர்ந்தால் அரிப்பும் பொடுகும்தான் மிச்சம்.

எண்ணெய் போட்டால் ஈரப்பதம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை நம்மூரைப்போலவே அங்கும் ஆழமாக இருக்கிறது. சுருள் முடியில் தலைத்தோலின் இயற்கை எண்ணெய் வளைவு வளைவாக நுனி வரை இறங்குவது கடினம், அதனால்தான் நுனி காய்ந்து ஒடிகிறது. அதற்கு முதலில் தேவை தண்ணீரும் நல்ல கண்டிஷனரும். ஷியா பட்டரோ (ஷியா கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு) விளக்கெண்ணெயோ அந்த ஈரம் போய்விடாமல் மேலே மூடுவதற்கு. காய்ந்த முடியில் நேராக எண்ணெயைப் பூசினால் பளபளப்பு வரும், உள்ளே வறட்சி அப்படியே இருக்கும்.

இங்கே இருந்துதான் தொழில் அடுத்த கட்டத்துக்கு, அதாவது சொந்தமாக க்ரீம் தயாரித்து விற்பதற்குப் போகிறது. தவறுகள் பெரிதாவதும் இங்கேதான். கற்றாழைச் சாறு, மூலிகைக் கஷாயம், ரோஜாநீர் என்று தண்ணீர் கலந்த எதுவும் பதப்படுத்தும் பொருள் சேர்க்காமல் வைத்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும், கண்ணுக்குத் தெரியாமலும் வளரும். 'இயற்கைப் பொருள், ரசாயனமே இல்லை' என்று பெருமையாகச் சொல்லி விற்ற டப்பா, பின்னலுக்கு நடுவே கீறல் விழுந்த தலைத்தோலில் தொற்றைக் கொண்டுபோய் விட்டால் அது என்ன பராமரிப்பு? வைட்டமின் ஈ சேர்த்திருக்கிறேனே என்பார்கள். அது எண்ணெய் காறிப்போவதைத் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது. சமையல் சோடாவால் தலை அலசச் சொல்வதும் இதேபோல்தான், முடிக்கு லேசான அமிலத்தன்மைதான் ஒத்துவரும், சோடா அதற்கு நேரெதிர்.

லேபிளில் எழுதுவதிலும் ஜாக்கிரதை. 'முடி வளரும்', 'வழுக்கையைக் குணமாக்கும்' என்று எழுதிய நொடியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கண்ணில் அது அழகுசாதனம் என்ற வகையிலிருந்து அனுமதி பெறாத மருந்து என்ற வகைக்குப் போய்விடும். 2022இல் வந்த புதிய அழகுசாதனச் சட்டம், ஆண்டு விற்பனை சராசரியாக 10 லட்சம் டாலருக்குக் கீழே உள்ள சிறு தொழில்களுக்குப் பதிவு செய்வதிலிருந்து பெரும்பாலும் விலக்கு கொடுக்கிறது. ஆனால் பொருள் பாதுகாப்பானது என்று காட்டும் பொறுப்பிலிருந்தும், கடுமையான பக்கவிளைவு வந்தால் 15 வேலை நாளுக்குள் தெரிவிக்கும் கடமையிலிருந்தும் விலக்கு இல்லை. தயாரிக்கும்போது தாராளமாக ஜெபியுங்கள், அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. டப்பாவின் மேல் மட்டும் உள்ளே என்ன இருக்கிறதோ அதை முழுசாக எழுதுங்கள், ஜெபித்து எடுத்த எண்ணெய் என்பதால் கூடுதலாக வளரும் என்று விற்காதீர்கள். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் சொல்வது இதற்கும் பொருந்தும்.

அதைவிட ஆபத்தான ஒன்று, மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவரை நாற்காலியிலேயே வைத்திருப்பது. உச்சியில் ஒரு இடத்தில் முடி ஒடிந்து, மெலிந்து, வட்டமாகப் பரவிக்கொண்டு போகும் ஒரு நோய் இருக்கிறது. சுருக்கமாக சி.சி.சி.ஏ. என்பார்கள், கறுப்பினப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது, தழும்பாக்கிவிடும் வகை, மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு என்று 2019இல் தெரியவந்தது. தன் உச்சந்தலையை யாரும் பார்த்துக்கொள்ள முடியாது, அதனால் முதலில் பார்ப்பது பின்னுகிறவர்தான். அந்த நேரத்தில் 'நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன், இந்த எண்ணெயைத் தடவுங்கள்' என்று சொல்லி ஆறு மாதம் கடத்தினால் அந்த ஆறு மாதத்தில் போன மயிர்க்கால்கள் போனவைதான். தோல் மருத்துவரின் பெயரையும் எண்ணையும் எழுதிக் கையில் கொடுங்கள், ஜெபமும் செய்யுங்கள்.

ரசாயனம் போட்டு முடியை நேராக்கிக்கொள்பவர்களைக் குற்றவாளிபோல் நடத்துவது இந்த வட்டாரத்தில் அடிக்கடி நடக்கும். இயற்கைச் சுருள்தான் தேவன் படைத்தது, அதை மாற்றுவது பாவம் என்கிற அளவுக்குப் பேசிவிடுகிறார்கள். முடியை நேராக்கும் ரசாயனங்களைப் பற்றிக் கவலைப்படக் காரணம் இருக்கத்தான் செய்கிறது. 2022இல் வெளியான அமெரிக்க அரசு ஆய்வு ஒன்றில், 33,000க்கும் அதிகமான பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்ததில், அவற்றை அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம் என்றும், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம் என்றும் மதிப்பிட்டார்கள். இதை அமைதியாகச் சொல்லலாம். ஆனால் அப்படிச் செய்துகொண்ட பெண் ஏன் முடியை நேராக்கினார்? பின்னலோடு போனால் வேலை கிடைக்காது, பள்ளியில் வெளியே நிறுத்துவார்கள் என்ற நிலை இருந்தது. முடியின் தன்மையை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற கிரௌன் சட்டம் கலிஃபோர்னியாவில் முதன்முதலாக வந்ததே 2019இல்தான், இன்னும் நாடு முழுவதற்குமான சட்டமாகவில்லை. உங்கள் நாற்காலிக்கு வந்துவிட்டவரிடம் போய் இதுவரை செய்ததற்குக் கணக்குக் கேட்பது எந்த வகை அன்பு என்று எனக்குப் புரியவில்லை.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. மிசிசிப்பியில் 2005க்குப் பிறகு பின்னுகிறவர் சிறு கட்டணம் கட்டிப் பதிவு செய்தால் போதும், லூசியானாவிலோ 500 மணி நேரப் பயிற்சி கேட்கிறார்கள். டெக்சாஸில் ஐசிஸ் பிராண்ட்லி என்பவர் உரிமமில்லாமல் பின்னினார் என்று 1997இல் கைது செய்யப்பட்டார். பின்னல் சொல்லித்தரும் பள்ளியில் தலை அலசவே மாட்டார்கள், அப்படியும் அலசும் தொட்டிகள் வைத்தே ஆக வேண்டும் என்ற விதிகளை எதிர்த்து நீதிமன்றம் போய் வென்றார், 2015இல் அந்த மாநிலம் பின்னலுக்கு உரிமமே தேவையில்லை என்றாக்கியது. ஆகவே 'தேவன் கதவைத் திறந்துவிட்டார்' என்று கடை திறக்கும் முன், உங்கள் மாநிலத்தில் என்ன வேண்டும் என்று பாருங்கள்.

இப்போது நம்மோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விஷயம். பின்னலில் சேர்க்கும் முடி எங்கிருந்து வருகிறது என்று கேட்காமலே வாங்குவது. மனித முடி என்றால் அதில் ஒரு பகுதி திருமலை, பழனி போன்ற கோயில்களில் பக்தர்கள் முடிகாணிக்கையாகக் கொடுத்து, பின் ஏலத்தில் போனது. நேர்ந்துகொண்டு மொட்டையடித்தவருக்கு அதில் ஒரு காசும் வராது, அவர் எதிர்பார்ப்பதும் இல்லை. 2004இல் யூத மதகுருமார் சிலர், மணமான யூதப் பெண்கள் தலையை மறைக்க அணியும் விக்குகளில் இந்தியக் கோயில் முடியில் செய்தவற்றை, வேறு தெய்வத்துக்கான காணிக்கை என்பதால் அணியக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னதும் நியூயார்க்கின் புரூக்ளினில் அவற்றைத் தெருவில் போட்டு எரித்தார்கள். நான் யாரையும் எரிக்கச் சொல்லவில்லை. நம்பிக்கையை முன்வைத்துத் தொழில் செய்கிற ஒருவர், இன்னொரு நம்பிக்கையின் காணிக்கை தன் கையில் இருக்கிறது என்பதையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். செயற்கை முடி என்றால் வேறு கவலை. 2025இல், கடைப் பொருட்களைச் சோதித்துச் சொல்லும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு பத்து வகைச் செயற்கைப் பின்னல் முடியைச் சோதித்ததில் பத்திலுமே புற்றுநோயோடு தொடர்புள்ள வேதிப்பொருட்களும், ஒன்பதில் ஈயமும் இருந்தன. வினிகர் தண்ணீரில் ஊறவைத்தால் அரிப்பு குறையலாம், இழைக்குள் இருக்கும் ஈயத்தை அது எடுத்துவிடும் என்று நம்ப இடமில்லை. முடிந்தவரை இணைமுடி இல்லாத ட்விஸ்ட், கார்ன்ரோ போன்றவற்றையும் விலைப்பட்டியலில் வையுங்கள்.

விலையில் செய்யும் தவறு பெரும்பாலும் இரக்கத்தில் தொடங்குகிறது. சபைச் சகோதரி என்றால் பாதி விலை, பாஸ்டரின் மகள் என்றால் இலவசம், அவர் அழைத்து வந்த தோழிக்கும் அதே. சின்ன பாக்ஸ் பிரெய்ட் பின்ன ஆறேழு மணி நேரம் நிற்க வேண்டும், விரல் மூட்டும் முதுகும் கேட்கும் விலை அது. தர்மம் செய்ய வேண்டும் என்றால் மாதத்துக்கு இத்தனை தலை என்று முன்பே முடிவு செய்து, உண்மையிலேயே முடியாதவர்களுக்குச் செய்யுங்கள், மற்றவர்களிடம் முழு விலையும் முன்பணமும் வாங்குங்கள். சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தையும் கடை வாடகையையும் ஒரே கணக்கில் வைத்தால் இரண்டுமே குழம்பும். ஞாயிறு ஆராதனைக்கு எல்லாருக்கும் தலை தயாராக வேண்டும் என்று சனிக்கிழமை அளவுக்கு மீறி நேரம் கொடுத்துவிட்டு, காலை பத்து மணிக்கு வரச் சொன்னவரை மதியம் இரண்டுக்கு உட்காரவைப்பதும் வாக்குத் தவறுதல்தான்.

கடைசியாக, நாற்காலியில் இருப்பவரிடம் பிரசங்கம் செய்வது. ஏழு மணி நேரம் அவர் எழுந்து போக முடியாது, பாதி தலை பின்னியிருக்கிறது, பிடிக்காவிட்டாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். துக்கத்தில் வருபவர்கள் தாங்களாகவே பேசுவார்கள், ஜெபிக்கச் சொல்லியும் கேட்பார்கள், அது இந்தக் கடைகளில் நடக்கும் மிக நல்ல காரியங்களில் ஒன்று. கேட்காதவரிடம் திணிப்பது வேறு. முஸ்லிம் பெண்களும் இந்தக் கடைகளுக்கு வருகிறார்கள், ஹிஜாபைக் கழற்ற ஒரு திரைச்சீலையும், ஆண்கள் நுழையாத நேரமும் அவர்களுக்குத் தேவை, அதைச் செய்துகொடுப்பதால் உங்கள் விசுவாசம் குறையாது. முதல் முறை வருபவரிடம் ஜெபிக்கலாமா என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றால், அவருடைய முடி வகை, ஒவ்வாமை எல்லாம் எழுதிவைக்கும் அதே அட்டையில் அதையும் குறித்துவையுங்கள், அடுத்த முறை கேட்க வேண்டாம்.