பழைய வீடு திருத்தப் போகிறவர்கள் விடும் பிழைகள்

திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், சம்பூர், திரியாய்ப் பக்கம் போனால் பற்றைக்குள் மறைந்து கிடக்கும் பழைய வீடுகளை இன்னும் காணலாம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் காசு அனுப்பி, அப்பப்பாவின் வீட்டைத் திரும்ப எழுப்பித் தாருங்கள் என்று கேட்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்களும் நாங்கள் ஆரம்பத்தில் விட்ட அதே பிழைகளைத்தான் விடுகிறார்கள். உடைந்த ஓட்டை மாற்று, உக்கிய மரத்தை மாற்று என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பற்றை வெட்ட ஆள் விடுமுன்

சண்டை நடந்த பகுதியில் உள்ள காணி என்றால், கண்ணிவெடி அகற்றி முடித்த இடமா என்று கிராம உத்தியோகத்தரிடம் முதலில் கேளுங்கள். பற்றைக்குத் தீ வைக்கவே வேண்டாம். இன்னதென்று தெரியாத இரும்பு எதையாவது கண்டால் தொடாமல் விலகி வந்து பொலிசுக்குச் சொல்லுங்கள்.

உறுதி

காணி உறுதியைக் கண்ணால் பார்க்காமல் ஒரு மூடை மணலும் இறக்காதீர்கள்.

சுவரில் முளைத்த ஆலங்கன்று

இழுத்துப் பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வரும். அடியில் அறுத்துவிட்டு, வேர் செத்த பிறகு எடுங்கள்.

சுண்ணாம்புச் சுவரில் சீமெந்து

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

நம்முடைய பழைய கல்வீடுகளில் சூளையில் சுட்ட மென்மையான செங்கல், இடையில் சுண்ணாம்புச் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. அத்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுக்கும் தார்ப்படை அந்தக் காலத்தில் போடுவதில்லை. மாரியில் நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் அதே ஈரம் பூச்சு வழியாகக் காய்ந்து வெளியேறும். அந்தச் சுவர் இத்தனை காலம் நின்றதற்குக் காரணமே இதுதான்.

அதன்மேல் சீமெந்தைப் பூசினால் ஈரம் ஏறுவது நிற்காது, வெளியேறும் வழிதான் அடைபடும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பெருத்து, செங்கல்லின் முகத்தைப் பெயர்க்கும். கொட்டியாரக் குடாவின் காற்றுப் படும் ஊர்களில் உப்புக்கு என்ன குறை?

மூதூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாண அவசரம். பழைய சுண்ணாம்பு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு, சீமெந்து பூசிப் பெயின்ற் அடித்துவிட்டார்கள். ஆவணியில் வீடு பளபளவென்று இருந்தது. தை மாதம் கூப்பிட்டார்கள் என்று போனேன். தரையிலிருந்து இடுப்பளவுக்குப் பெயின்ற் கொப்புளம் போட்டிருந்தது. மேசன் கரண்டியின் பிடியால் தட்டினால் டொக் டொக்கென்று வெறுஞ்சத்தம். கொஞ்சம் நெம்ப, பலகை அளவுக்குப் பூச்சு அப்படியே கழன்று கையில் வந்தது. அதன் பின்பக்கத்தில் செங்கல்லின் மேற்பொருக்கும் ஒட்டியிருந்தது. சுவரில் விரல் வைத்தால் செங்கல் சீனி மாதிரி உதிர்ந்தது.

“தம்பி, ஈரம் புகாத பெயின்ற் ஒன்று இருக்காம். அதை அடிச்சுப் பார்ப்பமா?” என்று வீட்டுக்கார ஐயா கேட்டார். அடித்தால் ஈரம் இன்னும் மேலே ஏறி ஜன்னலைத் தொடும், அவ்வளவுதான். கடைசியில் சீமெந்து முழுவதையும் உரிக்க வேண்டி வந்தது. அந்தச் செலவு பூசிய செலவையும் தாண்டியது. பெயர்ந்துபோன செங்கல்லுக்கு மாற்று அதே அளவில் இப்போது எங்கே கிடைக்கிறது?

சரி, எப்படிச் செய்வது? வீடு பூட்டிக் கிடந்த காலத்தில் சருகும் மண்ணும் சேர்ந்து அத்திவாரத்தை மூடியிருக்கும். முதலில் அதை வாரி எடுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் பீலி போடுங்கள். பிறகு ஒரு கச்சான் காலம் முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். பாதி ஈரம் அதிலேயே போய்விடும். பூச்சுக்கு, நீற்றித் தண்ணீருக்குள் கிழமைக்கணக்கில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு. கடற்கரை மணலை எடுத்தால் உப்பும் கூடவே வரும். மெல்லிய படையாகப் பூசி, அது இறுகிய பிறகு அடுத்த படை. வெயிலும் காற்றும் பட்டுச் சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். ஈரச்சாக்குத் தொங்கவிட்டு மெதுவாகக் காயவையுங்கள்.

மேசன்மார் முணுமுணுப்பார்கள். “கொஞ்சம் சீமெந்து கலந்தால் கெதியா இறுகும்” என்பார்கள். நீங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் அந்தக் கொஞ்சம் அரை மூடை ஆகியிருக்கும். சாந்து குழைக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

வரிச்சுக் கட்டிய மண்வீட்டுக்குச் சீமெந்து இதைவிட மோசம். வெளியே பூச்சு அழகாக நிற்கும். உள்ளே மண் கரைந்துகொண்டிருக்கும், கறையானும் ஒருவர் கண்ணிலும் படாமல் மேலே ஏறும்.

தரைக்கு டைல்ஸ்

வேண்டாம். தரையில் வெளியேற முடியாத ஈரமும் சுவருக்குத்தான் போகும்.

மடம், கேணி

1815 மார்ச் 2க்கு முற்பட்டதென்று நம்ப இடமுள்ள கட்டடம் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். கை வைக்குமுன் திணைக்களத்தில் கேளுங்கள்.

கதவு, ஜன்னல் நிலைகளை விற்பது

வேலை தொடங்கிய செய்தி பரவினால் பழைய மரம் வாங்குகிறவர்கள் வாசலுக்கே வந்துவிடுவார்கள். “உக்கினது ஐயா, விறகுக்குத்தான் ஆகும்” என்று சொல்லித்தான் விலை பேசுவார்கள். பெயின்றைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே பாலையோ முதிரையோ இருக்கும். அந்த வைரம் பாய்ந்த மரம் இன்றைக்கு மரக்காலையில் கேட்ட உடனே கிடைக்காது. பெரும்பாலும் நிலத்தைத் தொடும் ஒரு சாண்தான் பழுதாகியிருக்கும். ஓடாவியிடம் சொல்லி அந்தத் துண்டை மட்டும் அறுத்து, அதே சாதி மரத்தில் புதுத் துண்டு பொருத்துங்கள்.